கடுக்காயும் கால் வீக்கமும்



நம் பக்கத்தில் கடுக்காயைத் தெரியாதவர் உண்டா? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில்தான் பெரிய தொழில். குரோமிய உப்பு வருவதற்கு முன்னால், பச்சைத் தோலை அழுகாமல் காத்துக் கொடுத்தவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். இப்போது பெரும்பாலும் குரோமியம் என்று ஆகிவிட்டாலும், தாவரச் சரக்கால் பதனிடும் இடங்களில் கடுக்காய் இன்னமும் உபயோகத்தில் இருக்கிறது. டேனரிக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கடுக்காய் என்றால் மூட்டைக் கணக்கு. அதே வீட்டில் இருக்கும் ஆயாவுக்குக் கடுக்காய் என்றால் மருந்து டப்பா. மலச்சிக்கலா, வாய்ப்புண்ணா, ஈறு வீக்கமா, உடனே கொட்டையை நீக்கித் தோலை இடித்துப் பொடி செய்துவிடுவார்.

இது காட்டுப் பழம். ஜவ்வாது மலை போன்ற மலைக்காடுகளில் தானாக வளர்கிற மரம். நாம் காய் காய் என்று சொன்னாலும், கடையில் வாங்குவது மரத்திலிருந்து உதிர்ந்து வெயிலில் காய்ந்த பழம்தான். நாவல் பழம், இலந்தைப் பழம் மாதிரி கை நிறைய எடுத்துத் தின்ன முடியாது. ஒரு துண்டைக் கடித்தாலே நாக்கு இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புக்கு டானின் என்று பெயர். தோலில் உள்ள புரதத்தை இறுகப் பிடித்து அதை அழுகாத தோலாக மாற்றுவது இந்த டானின்தான். உங்கள் வாயில் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்து நாக்கை உலர்த்துவதும் அதேதான். டேனரித் தொட்டியில் நடப்பது சிறிய அளவில் வாயில் நடக்கிறது, அவ்வளவுதான்.

கடுக்காயை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, அது வீக்கத்தைக் குறைக்குமா, சாப்பிடுவது பத்திரமா என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறீர்கள். சோதித்திருக்கிறார்கள். அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம். ஆனால் அதற்கு முன்னால் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வேப்ப மரத்தடியில் குடும்பநலக் கூட்டம். பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா எழுந்தார். "ஏன் சார், கடுக்காப் பொடி வீக்கத்துக்கு நல்லதுன்னு பேப்பர்ல போட்டுகிறாங்களே, நெசமா?" என்று கேட்டார். நானும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், "ஆமாம்மா, டெல்லியிலே பெரிய ஆஸ்பத்திரியிலே சோதனை பண்ணி நிரூபிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எந்த வீக்கம், யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கிராம சுகாதார செவிலியர் என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவின் மருமகள் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறவள். ஏழு மாத கர்ப்பம். கால் வீங்கியிருந்திருக்கிறது. மாமியார் தினமும் ராத்திரி ஒரு ஸ்பூன் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கலந்து கொடுத்திருக்கிறார். "சுகாதாரத் துறை சார் வாயாலேயே சொன்னாரு" என்று தைரியம். வைத்தியம்தான் நடக்கிறதே என்று அந்த மாதம் பரிசோதனை நாளுக்கும் அனுப்பவில்லை. செவிலியர் வீட்டுக்கே போய்ப் பார்த்தபோது இரத்த அழுத்தம் 150க்கு 100. சிறுநீரில் உப்பு, அதாவது ஆல்புமின், இருந்தது. முகமும் உப்பியிருந்தது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை எட்டரை மாதத்தில் எடை குறைவாகப் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தப் பெண்ணின் இரத்த அழுத்தத்தைக் கடுக்காய் ஏற்றியது என்று நான் சொல்லவில்லை. அது கர்ப்பத்தில் தானாக வருகிற நோய். கடுக்காயை நம்பிப் பதினைந்து நாள் போய்விட்டது. அந்தப் பதினைந்து நாளுக்கு நான்தான் பொறுப்பு.

வீக்கம் என்பது ஒன்றல்ல

தமிழில் எல்லாவற்றுக்கும் வீக்கம் என்ற ஒரே வார்த்தைதான். தேள் கொட்டினால் வீக்கம், முழங்கால் வாதத்தில் வீக்கம், கர்ப்பிணியின் காலில் வீக்கம், சிறுநீரகம் கெட்டாலும் வீக்கம். வைத்திய சாஸ்திரத்தில் இவை வேறு வேறு.

முதல் வகை அழற்சி வீக்கம். அடிபட்ட இடம், கிருமி புகுந்த இடம், வாதம் பிடித்த மூட்டு. அந்த இடம் சிவக்கும், சூடாக இருக்கும், தொட்டால் வலிக்கும், வீங்கும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்துக்கு இரத்தத்தையும் நீரையும் இழுத்து வருகிறது. அது அளவு மீறினால் உபத்திரவம்.

இரண்டாவது வகை நீர் வீக்கம். சிவப்பு இருக்காது, சூடு இருக்காது, பெரும்பாலும் வலியும் இருக்காது. கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்திப் பத்து எண்ணி எடுத்தால் குழி விழும், மெதுவாக நிறையும். கர்ப்பத்தில் வருவது இந்த வகைதான். மாலை நேரத்தில் பாதம் மட்டும் கொஞ்சம் வீங்கிக் காலையில் வடிந்துவிட்டால் பயமில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது சகஜம். விடிந்த பிறகும் வடியாத வீக்கம், முகத்திலும் கையிலும் வருகிற வீக்கம், மோதிரம் இறுகுவது, வளையல் ஏறாமல் போவது, இவை வேறு சங்கதி. ஐந்தாம் மாதத்துக்கு மேல் இப்படி வந்தால் இரத்த அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும். வீக்கமே இல்லாமலும் இரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால்தான் ஒவ்வொரு பரிசோதனை நாளும் முக்கியமாகிறது.

கடுக்காயைச் சோதித்த விஞ்ஞானிகள் சோதித்தது முதல் வகை வீக்கத்தை. மாமியார் கொடுத்ததோ இரண்டாவது வகைக்கு. நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

எலியின் காலில் அளந்தது என்ன?

ஒரு மூலிகை வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எலியின் பின்னங்கால் பாதத்தில் ஒருவிதக் கடல் பாசியிலிருந்து எடுத்த பொருளைச் சிறிது ஊசி மூலம் செலுத்துவார்கள். சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். 1962இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வகுத்த முறை இது. வீங்கிய பாதத்தை ஒரு அடையாளம் வரை திரவத்தில் முக்கி, எவ்வளவு திரவம் மேலேறுகிறது என்று அளப்பார்கள். நிறைந்த குடத்தில் கல்லைப் போட்டால் கல்லின் அளவுக்குத் தண்ணீர் வழிகிறதல்லவா, அந்தக் கணக்குத்தான். மருந்து கொடுத்த எலியின் பாதம் எவ்வளவு, கொடுக்காத எலியின் பாதம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வாதம் போல நாள்பட்ட வீக்கத்துக்கு வேறு சரக்குகளைச் செலுத்தி, மூட்டை வாரக்கணக்கில் கவனிப்பார்கள்.

டெல்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் மருந்தியல் துறையினர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த இரண்டாவது விதம். கடுக்காய்ப் பழத்தை நீரும் சாராயமும் கலந்த திரவத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். செயற்கையாக உண்டாக்கிய மூட்டு வாதத்தில் வீக்கம் குறைந்தது. மூட்டுச் சவ்வில் அழற்சியைத் தூண்டும் பொருள்களின் அளவும் குறைந்தது. அதே ஆராய்ச்சியில் பத்திரத்தையும் பார்த்தார்கள். எலியின் உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் ஒரே வேளையில் கொடுத்தும் அவை சாகும் அளவுக்கு நஞ்சு தெரியவில்லை. தொடர்ந்து கொடுத்துப் பார்த்ததிலும் பெரிய மாறுதல் இல்லை. தாய்லாந்தில் அதே 2010இல் வெளியான இன்னொரு சோதனையில், கடுக்காய்த் தண்ணீர்ச் சாற்றை 270 நாள் தினமும் எலிகளுக்குக் கொடுத்து இரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும் பரிசோதித்தார்கள். நஞ்சின் அடையாளம் தென்படவில்லை.

ஏன் குறைகிறது என்பதற்கும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தினர் கடுக்காயிலிருந்து கெபுலாஜிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 2009இல் அறிக்கை வெளியிட்டார்கள். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டுபண்ணும் சரக்குகளைத் தயாரிக்கிற என்சைம்கள் சில இருக்கின்றன. அவற்றில் காக்ஸ், லாக்ஸ் என்ற இரண்டு வகையையும் இந்த அமிலம் தடுக்கிறது என்று கண்டார்கள். ஆஸ்பிரினும் நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் காக்ஸைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. இந்த ஒற்றுமையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மனிதரில்? ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனையில் ஆரோக்கியமான 12 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு முறை 1000 மில்லிகிராம் கடுக்காய் மாத்திரை, இன்னொரு முறை பார்வைக்கு அதே போல இருக்கும் வெற்று மாத்திரை. எது எது என்று சாப்பிட்டவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. கடுக்காய் சாப்பிட்டபோது, அழுத்தத்தால் உண்டாக்கிய வலியைத் தாங்கும் சக்தி கூடியது. அமெரிக்காவில் 105 பேரைக் கொண்டு 84 நாள் நடந்த இன்னொரு சோதனை 2017இல் வெளிவந்தது. உடல் பருத்த, மற்றபடி ஆரோக்கியமானவர்கள். முழங்கால் சௌகரியத்திலும் அசைவிலும் ஓரளவு முன்னேற்றம் கண்டதாகச் சொல்கிறது. அந்தச் சாற்றைத் தயாரித்து விற்கிற கம்பெனியின் செலவில் நடந்தது அது. அதனாலேயே பொய் என்று ஆகிவிடாது. ஆனாலும் மாட்டை விற்கிறவனே பல்லைப் பிடித்துக் காட்டினால் நாம் இன்னொருவரையும் பார்க்கச் சொல்வோம் அல்லவா?

ஆக, கடுக்காயில் சரக்கு இருக்கிறது. ஆயா பொய் சொல்லவில்லை. வீட்டில் ஐம்பது வயதான அம்மாவோ அப்பாவோ முழங்கால் வலிக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதில் பெரிய ஆபத்து எதுவும் சோதனையில் தெரியவில்லை. ஆனால் சோதித்தவை அளந்து எடுத்த சாறு. ஒரு டீஸ்பூன் பொடியே இரண்டு மூன்று கிராம் வரும். குவித்து அள்ளினால் இன்னும் மேல். அதிகமானால் முதலில் வருவது பேதி. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடர்ந்து சாப்பிடக் கூடாது, சர்க்கரை அளவு மேலும் இறங்கலாம். கொட்டையை நீக்க வேண்டும் என்பது சித்த வைத்தியர்களின் பழைய விதி. சுக்குக்குத் தோலிலே நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையிலே நஞ்சு என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள்.

இன்னொன்றும் டேனரிக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். "எங்க கோடவுன்ல சும்மாவே கெடக்குது சார், ஒரு கை அள்ளிக்கினு வந்தேன்" என்று ஒருவர் பெருமையாகக் காட்டினார். வேண்டாம் ஐயா. தோலுக்கு வந்த கடுக்காய் சாப்பாட்டுச் சரக்கு அல்ல. உப்பு, சுண்ணாம்பு, குரோமியம், பூச்சி மருந்து எல்லாம் புழங்குகிற இடத்தில் தரையில் கிடந்தது. சொத்தை, பூஞ்சணம் எதையும் அங்கே யாரும் பிரித்துப் போடுவதில்லை. ஐம்பது கிராம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் வீடு ஒன்றும் மூழ்கிவிடாது.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் கூடாது?

"எலிக்கு ஒண்ணும் ஆவல, மனுசருக்கும் ஒண்ணும் ஆவல, கர்ப்பிணிக்கு மட்டும் இன்னா?" நியாயமான கேள்வி.

நீண்ட நாள் நஞ்சுச் சோதனைக்குச் சினையாக இல்லாத எலிகளை எடுப்பதுதான் முறை. மனிதரிடம் நடத்தும் சோதனைகளிலும் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. ஆகவே மேலே சொன்ன "பத்திரம்" என்ற வார்த்தை வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களைப் பற்றியது. உங்கள் வீட்டுக்காரி முழுகாமல் இருந்தால், அந்த வார்த்தை அவளைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்து, காக்ஸ் என்சைமை ஞாபகம் வைக்கச் சொன்னேன். கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்த என்சைம் பிள்ளைக்கு வேண்டியிருக்கிறது. பிள்ளையின் இதயத்தின் அருகே ஒரு சிறிய இரத்தக் குழாய் பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டும். பிள்ளையின் சிறுநீரகமும் சரியாக வேலை செய்து பனிக்குட நீரைக் குறையாமல் வைக்க வேண்டும். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் இவற்றைக் கெடுக்கக் கூடும். 20 வாரத்துக்குப் பிறகு அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. கடுக்காய் அதே காரியத்தைச் செய்கிறது என்று யாரும் காட்டவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அதே என்சைமைத் தடுக்கிற சரக்கைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துப் பார்ப்பானேன்? இங்கே ஒரு ஜாக்கிரதை: இரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கச் சில கர்ப்பிணிகளுக்கு டாக்டரே சிறிய அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுப்பதுண்டு. அது கணக்குப் பார்த்துக் கொடுப்பது. நான் சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு தடவை செவிலியரிடம் திட்டு வாங்க என்னால் ஆகாது.

"இதெல்லாம் இங்கிலீஷ் வைத்தியம் சொல்றது" என்பவர்களுக்கு: பாவப்பிரகாசம் என்ற பழைய ஆயுர்வேத நூல் கடுக்காயை வானளாவப் புகழ்கிறது. அதே நூல் யார் அதைச் சாப்பிடக் கூடாது என்றும் பட்டியல் போடுகிறது. நடந்து களைத்தவர், பலமில்லாதவர், மெலிந்தவர், பட்டினியால் வாடியவர், இரத்தம் இழந்தவர், கர்ப்பிணி. அந்தக் காலத்து வைத்தியருக்கு என்சைம் தெரியாது. பேதியானால் கர்ப்பிணிக்கு ஆகாது என்று தெரிந்திருந்தது.

இரும்புக் கத்தி சொல்லும் சேதி

ஊறவைத்த கடுக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள். கத்தி கறுத்துப்போகும். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் மை மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்துதான் எழுதும் மை காய்ச்சினார்கள். கடுக்காயின் டானின் இரும்பைக் கண்டால் விடாது, கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது யோசியுங்கள். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பு. கூடவே போலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவமான பிறகு இன்னும் 180 நாள் சாப்பிடச் சொல்கிறோம். காலையில் மாத்திரை, கூடவே கடுக்காய்ப் பொடி என்றால், கத்தியில் நடந்ததே குடலில் நடக்கும். இரும்பு இரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். டீயிலும் டானின் இருக்கிறது. மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்கள் ஷூ கம்பெனி கேன்டீனில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. கர்ப்பம் இல்லாத பெண்களும் இரும்பு மாத்திரை சாப்பிடுகிற நாளில், கடுக்காய்க்கும் டீக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை எலுமிச்சம் பழச் சாற்றோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாக ஏறும்.

கணவன்மாருக்கு

இதுவரை படித்ததை மனைவியிடம் சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிடாதீர்கள். பரிசோதனை நாளன்று லீவு கேட்பதும், கூடப் போவதும் உங்கள் வேலை. அட்டையில் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். மேல் எண் 140, கீழ் எண் 90, இதில் எது எட்டினாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். கடுமையான தலைவலி, கண் மங்குவது, கண் முன்னால் மின்னுவது, மேல் வயிற்றில் வலி, முகம் திடீரென்று உப்புவது, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது. வலிப்பு வந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்து. பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது வேறு ஆபத்து, இரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

சந்தையில் கடுக்காய் லேகியத்தை ஆண்மைக்கு என்று விற்கிறார்களே என்று சில தம்பிகள் தனியாக வந்து கேட்பார்கள். மேலே சொன்ன சோதனைகளில் அப்படி எதையும் யாரும் அளக்கவில்லை. கடுக்காய் கொடுத்துவிட்டான் என்று நம் ஊரில் எதற்குச் சொல்கிறோம் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அந்தக் கிராமத்துக்கு நான் மறுபடி போனேன். மாமியார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப புள்ள பொறந்துட்சே சார், இப்பவாவது மருமவளுக்குக் கடுக்கா குடுக்கலாமா?" என்று கேட்டார். இந்தத் தடவை பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னேன். பால் கொடுக்கிறவரைக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், மருமகளுக்கு இப்போது இரும்பு மாத்திரை உள்ளே இறங்குவதுதான் முக்கியம், மலச்சிக்கல் இருந்தால் கீரை, கொய்யாப்பழம், நிறையத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் சுகாதார நிலையத்துச் சித்த மருத்துவப் பிரிவில் டாக்டரைக் கேட்டு, அவர் சொல்கிற அளவுக்குத்தான் என்று. "அப்போ என் முட்டிக்கு?" என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். பார்த்ததே இல்லையாம். அடுத்த நாள் மருமகளோடு சேர்ந்து அவரும் வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.